உயிரோடு இருந்தவனுக்கு அடித்த மணி

காலை ஏழு மணியாகியும் கொழும்புத்துறைக் கரையில் கடலைக் காணவில்லை. கடல் அங்கேதான் இருந்தது. காலடியில் சளக்குச் சளக்கென்று நனைத்துக்கொண்டும் இருந்தது. ஆனால் பத்து முழத்துக்கு அப்பால் உலகமே முடிந்துபோனது போல வெள்ளையாக ஒரு சுவர் நின்றது. தை மாதத்தில் பனி விழுவது புதினமில்லை. இப்படிக் கண்ணைக் கட்டிப்போடும் பனியை றெஜினா தன் முப்பத்தொன்பது வயதில் இரண்டு தரமோ மூன்று தரமோதான் கண்டிருக்கிறாள்.

அவள் புருசன் எமில்ராஜ் நாலரைக்கே போய்விட்டான். நண்டு வலையை இழுத்துக்கொண்டு ஏழு மணிக்குள் திரும்பிவிடுவது அவன் வழக்கம். வலை வைக்கும் வாடிக்கு முன்னால் பனி சொட்டச் சொட்ட, றெஜினா தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு நின்றாள். கையிலிருந்த போன் அடித்தது.

"றெஜினா!" அவன் குரல் மூச்சு வாங்கியது. "வள்ளம் தண்ணி எடுக்குது."

"என்னது?"

"அடியிலை அந்த ஒட்டுப் போட்ட இடம் விட்டிட்டுது. மெசினுக்குள்ளை தண்ணி போய்ச் செத்துப்போச்சு. நான் இறைச்சுக்கொண்டு நிக்கிறன். இறைக்க இறைக்க வருது."

அந்த ஒட்டு! போன வருசம் தொடக்கம் அதைச் சரியாகச் செய் என்று அவள் சொல்லாத நாளில்லை. அதை இப்போது சொல்ல வாய் வரவில்லை.

"எங்கை நிக்கிறியள்?"

"அதுதான் தெரியேல்லை. ஒண்டும் தெரியேல்லை. கம்பு விட்டுப் பாத்தன், நிலம் எட்டேல்லை."

நிலம் எட்டவில்லை என்றால் ஓடைக்குள் நிற்கிறான். ஆழமும் இழுவையும் உள்ள இடம். எமில்ராஜுக்கு நீந்தத் தெரியும். கடற்கரையில் பிறந்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் சண்டைக் காலத்தில் அவன் பக்கத்தில் விழுந்த ஒரு ஷெல் வலது காதையும் வலது முழங்காலையும் ஒரேயடியாகக் கொண்டுபோய்விட்டது. அந்தக் கால் மடங்காது. அந்தக் காது கேளாது. ஒரு காதால் மட்டும் கேட்கிறவனுக்குச் சத்தம் வரும், அது எந்தத் திசையால் வருகிறது என்பது வராது. வீட்டில் அவள் சமையல் குசினிக்குள் நின்று கூப்பிட்டால் அவன் கிணற்றடிக்குப் போய்ப் பார்ப்பான். பிள்ளைகள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

இப்போது அந்தச் சிரிப்பை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

*

செய்தி கரையெல்லாம் பரவப் பத்து நிமிசம் எடுக்கவில்லை. கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் செபநாயகம் மூன்று வள்ளங்களை மேற்குப் பக்கம் அனுப்பினார். எமில்ராஜின் வலை மேற்கில்தான் கிடந்தது. எமில்ராஜின் தாய் சின்னத்தங்கம் செபமாலையோடு மணலில் முழங்காலில் விழுந்துவிட்டாள். அவளைச் சுற்றிப் பெண்கள் கூடினார்கள்.

கோயிற் சங்கிலித்தாம் மரியரட்ணம் யாரும் சொல்லாமலே ஓடிப்போய் மாதா கோயில் மணியைப் பிடித்துவிட்டார். மணியடிப்பதும் பூசைக்கு ஆயத்தம் செய்வதுமாக முப்பது வருசம் அந்தக் கோயிலில் கிடந்த மனுசன். கடலில் ஆளைக் காணாவிட்டால் மணி அடிக்க வேண்டும், அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், ஆள் கரை ஏறும்வரை நிறுத்தக் கூடாது. அதுதான் அந்தக் கரையின் முறை. மணி அடிக்கிறவரைக்கும் மாதா அவனைக் கைவிடவில்லை என்று அர்த்தம்.

கொஞ்ச நேரத்தில் கிழக்கேயிருந்து இன்னொரு மணி கேட்டது. பக்கத்துப் பங்குச் செபஸ்தியார் கோயில் மணி. திருநாள் வந்தால் யார் லவுட்ஸ்பீக்கர் பெரிது என்று இரண்டு பங்குக்கும் ஓயாத போட்டி. 'அவங்கடை மணி தகரப்பேணி' என்று மரியரட்ணம் எப்போதும் சொல்லுவார். ஆனால் இன்றைக்கு இங்கே ஒருவனைக் காணவில்லை என்று கேள்விப்பட்டவுடன் அவர்களும் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்திருக்கிறார்கள். அதைக் கேட்டதும் பெண்களில் இரண்டு பேர் நெஞ்சில் சிலுவை போட்டார்கள். "நல்ல சனம், நல்ல சனம்" என்றாள் சின்னத்தங்கம் அழுகையோடு.

வாடியில் கிடந்த மோட்டார்சைக்கிள்களின் ஹோர்னையெல்லாம் யாரோ அமத்தினார்கள். யாரோ சீன வெடி கொளுத்தினார்கள். ஆம்பிளைகள் தண்ணீருக்குள் இடுப்பளவு இறங்கி நின்று "எமில்! எமில்!" என்று கத்தினார்கள். நல்ல மனம் எல்லாம் ஒன்றாகக் கூடிக் கரை அதிர்ந்தது.

போன் மறுபடி அடித்தது.

"றெஜினா, மணி கேக்குது. நான் மணியைப் பாத்துத் துடுப்பு வலிச்சுக்கொண்டு வாறன்."

"எந்தப் பக்கத்தாலை கேக்குது?"

அந்தப் பக்கம் தண்ணீர் இறைக்கும் சத்தம் மட்டும். பிறகு அவன் சொன்னான். அவள் தன் கல்யாணத்துக்குப் பிறகு அப்படி ஒரு குரலை அவனிடம் கேட்டதில்லை.

"எல்லாப் பக்கத்தாலையும் கேக்குது. எங்கை திரும்பினாலும் முன்னுக்குக் கேக்குது. நான் சுத்திச் சுத்தி நிக்கிறன் போல கிடக்கு."

*

அப்போதுதான் றெஜினாவுக்குக் கால் நடுங்கத் தொடங்கியது.

எல்லோருக்கும் இப்படி நடப்பதுண்டு. பெரிய பயம் வரும்போது கண் பார்க்கும், ஆனால் ஒன்றும் தெரியாது. ஆட்கள் கதைப்பார்கள், ஒரு சொல்லும் உள்ளே இறங்காது. றெஜினாவுக்கும் அப்படித்தான். ஹோர்ன், வெடி, மணி, கூக்குரல் எல்லாம் ஒரு பஞ்சுப் பொதிக்கு அப்பால் போனது போல இருந்தன. செபநாயகம் அவளைப் பார்த்து ஏதோ கேட்டார். அவர் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது.

அந்தப் பஞ்சுக்குள்ளே இருபத்தைந்து வருசத்துக்கு முன்னால் கேட்ட ஒரு குரல் வந்தது.

"பயந்தவளுக்கு முதலிலை அடைபடுறது காதுதான். காதைத் திறந்து வையுங்கோ பிள்ளையள். மிச்சத்தை உங்கடை மாதாவோ எங்கடை முருகனோ பாக்கட்டும்."

பத்மாசினி ரீச்சர். இணுவிலிலிருந்து சைக்கிளில் வந்து அவளுடைய பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்தவர். பக்கத்து ஊருக்குள் ஷெல் விழுந்த ஒரு காலையில், மேசைக்கடியில் குவிந்து கிடந்த பிள்ளைகளிடம் சொன்ன சொல் அது. சொன்னதோடு நிற்கவில்லை. "கண்ணை மூடிக் கேளுங்கோ. போற ஷெல்லோ, வாற ஷெல்லோ?" என்று கேட்டார். போகிறதுதான் என்று பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்ததும் பாதிப் பயம் போய்விட்டது.

ஒவ்வொரு சங்கீத வகுப்பும் அப்படித்தான் தொடங்கும். ஒரு நிமிசம் கண்ணை மூட வேண்டும். பிறகு ஒவ்வொருத்தியும் தான் கேட்ட ஒரு சத்தத்தைச் சொல்ல வேண்டும். முதல் சொன்னவள் சொன்னதைத் திருப்பிச் சொல்லக் கூடாது. காகம், பஸ், பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு எல்லாம் முன் வரிசை வாங்கிலேயே முடிந்துவிடும். கடைசி வாங்கிலிருந்த றெஜினாவுக்கு ஒன்றும் மிஞ்சாது. அவளுக்குப் பாட்டும் வராது. வாயைத் திறந்தால் சுருதி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். "கடற்கரைத் தொண்டை" என்று முன் வாங்குப் பிள்ளைகள் கிசுகிசுப்பார்கள்.

ஒரு நாள் அவள் எழும்பிச் சொன்னாள்: "தூரத்திலை ரெண்டு கோயில் மணி கேக்குது ரீச்சர். ஒண்டு தடிச்ச சத்தம். மற்றது மெல்லிசு, கடைசியிலை கிர்ரெண்டு வண்டு மாதிரி இழுக்கும். தடிச்சது இண்டைக்கு விட்டு விட்டு அடிக்குது. அது துக்கமணி. ஆரோ செத்துப்போச்சினம்."

வகுப்பு சிரித்தது. ரீச்சர் சிரிக்கவில்லை. யன்னலடிக்குப் போய் நின்று தானும் கேட்டார். பிறகு செத்தவருக்காக எல்லோரையும் ஒரு நிமிசம் எழும்பி நிற்கச் சொன்னார். சைவ மனுசி, நெற்றியில் திருநீறு, யாரென்றே தெரியாத ஒரு வேதக்காரச் சவத்துக்காகக் கை கூப்பிக்கொண்டு நின்றார்.

அன்றிலிருந்து றெஜினாவைப் பாடச் சொல்லவில்லை. "நீ கேள்" என்றார். பிள்ளைகள் கூடிப் பாடும்போது அவள் மண்டபத்தின் கடைசி மூலையில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். யாருடைய குரல் விலகுகிறது என்று விரலால் காட்டுவாள். "றெஜினா தலையாட்டினால்தான் பாட்டுச் சரி" என்பார் ரீச்சர். பாடத் தெரியாத பிள்ளைக்குப் பாட்டு வகுப்பில் இருக்க ஓரிடம் தந்தார். அவ்வளவுதான் அவர் செய்தது. பார்த்தால் ஒரு சின்ன விசயம்.

*

றெஜினா கண்ணை மூடினாள். நெஞ்சு அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு கேட்டாள்.

அந்தப் பக்கம் தண்ணீர். எமில்ராஜின் மூச்சு. அதற்கும் பின்னால் மணிகள், தடித்ததும் மெல்லிசுமாக ஒன்றுக்கு மேல் ஒன்று விழுந்து, எது எதுவென்று பிரிக்க முடியாமல். ஆனால் கேட்டது. அவனுடைய போனுக்குள் மணி கேட்டது! அவனுக்குத் தெரியாவிட்டால் என்ன, அவன் நிற்கும் இடத்திலிருந்து அவள் கேட்கலாம். அவனுடைய செத்த காதுக்குப் பதிலாகத் தன் காதை அங்கே அனுப்பலாம்.

ஒரேயொரு விசயம்தான் வேண்டும். இந்தச் சத்தமெல்லாம் நிற்க வேண்டும். பிறகு மணிகள் ஒவ்வொன்றாக, தனித்தனி அடியாக, இடையில் ஆறுதலாக அடிக்க வேண்டும்.

நினைத்து முடிப்பதற்குள் அது என்னவென்று அவளுக்கு விளங்கிவிட்டது. ஒவ்வொரு அடியாக, இடைவெளி விட்டு அடிப்பது துக்கமணி. உயிரோடு இருக்கும் தன் புருசனுக்குத் துக்கமணி அடியுங்கள் என்று அவள் கேட்க வேண்டும்.

"இஞ்சேருங்கோ, போனை வைக்காதேங்கோ. இறைச்சுக்கொண்டே இருங்கோ. நான் சொல்லுமட்டும் ஒரு பக்கமும் வலியாதேங்கோ" என்று அவனுக்குச் சொல்லிவிட்டு, அவள் மணிக்கூண்டடிக்கு ஓடினாள். செபநாயகமும் பின்னால் வந்தார்.

"மரியரட்ணம் அண்ணை! மணியை நிப்பாட்டுங்கோ!"

மரியரட்ணம் கயிற்றை இழுத்தபடியே திரும்பிப் பார்த்தார். அறுபத்தெட்டு வயசு, முகமெல்லாம் வேர்வை.

"என்ன? ஆள் வந்திட்டானே?"

"இல்லை. நிப்பாட்டுங்கோ. பிறகு ஒவ்வொரு அடியா மூண்டு அடியுங்கோ. ஒரு அடிக்கும் மற்ற அடிக்கும் இடையிலை இருவது எண்ணுங்கோ."

கயிறு அவர் கையில் ஒரு கணம் தளர்ந்தது. அவர் அவளைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிடப் பயம்தான் கூட இருந்தது.

"உனக்கென்ன விசரோ பிள்ளை? அது என்ன மணியெண்டு தெரிஞ்சுதான் கேக்கிறியோ?"

"தெரியும் அண்ணை."

"முப்பது வருசமா அடிக்கிறன். செத்தவைக்குத்தான் அடிச்சனான். உயிரோடை இருக்கிறவனுக்கு அடிச்சு அவன் போயிட்டானெண்டால் நான் எந்த முகத்தோடை பூசைக்கு நிப்பன்? போ, போய்ச் செபமாலை சொல்லு."

சின்னத்தங்கம் தள்ளாடித் தள்ளாடி வந்துவிட்டாள். "மணியை நிப்பாட்ட விடாதேங்கோ! என்ரை பிள்ளை கடலிலை நிக்கிறான்! எடி, உனக்கு நெஞ்சிலை ஈரமில்லையோடி?"

றெஜினாவுக்கு அந்தச் சொல் முதுகில் அடித்தது போல விழுந்தது. ஓடி ஒளிந்துவிட வேண்டும் போலிருந்தது. முன்பும் ஒருமுறை அவள் அப்படி ஒளிந்தவள்தான். பதினைந்து வயதில் தகப்பனைக் கடல் கொண்டுபோனபின் பள்ளிக்கூடத்தை விட்டாள். மூன்றாம் கிழமை பத்மாசினி ரீச்சர் இணுவிலிலிருந்து அத்தனை தூரமும் சைக்கிள் உழக்கிக்கொண்டு அவளைத் தேடி வந்தார். அவளோ காயப்போட்டிருந்த வலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். ரீச்சர் தாயோடு ஒரு மணித்தியாலம் கதைத்தார். தாய் கூச்சத்தோடு நீட்டிய தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். பிறகு போய்விட்டார். அதற்குப்பின் றெஜினா அவரைப் பார்க்கவேயில்லை.

இன்றைக்கு ஒளிய வலையில்லை. ஒளிந்தால் எமில்ராஜ் இல்லை.

"மாமி," என்று அவள் சின்னத்தங்கத்தின் இரண்டு கையையும் பிடித்தாள். "அவருக்கு ஒரு காதுதானே மாமி. ரெண்டு மணியும் ஒண்டாய் அடிக்க அவருக்கு எல்லாப் பக்கமும் ஒண்டாய்க் கேக்குது. வட்டம் சுத்திக்கொண்டு நிக்கிறார். தண்ணி ஏறுது. நான் போனுக்குள்ளாலை கேட்டு ஆள் எங்கையெண்டு சொல்லுவன். எனக்குக் கேக்கத் தெரியும். எனக்குத் தெரிஞ்சது அது ஒண்டுதான்."

சின்னத்தங்கம் மருமகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கையிலிருந்த செபமாலையைக் கழற்றி மரியரட்ணத்தின் கையில் வைத்தாள்.

"அடி ராசா," என்றாள். "பாவம் வந்தால் பெத்தவள் எனக்கு வரட்டும். அவள் சொன்ன மாதிரி அடி."

செபநாயகம் தன் போனை எடுத்துச் செபஸ்தியார் கோயிலடியிலிருந்த அந்தப் பங்கு மீனவன் டினேஸைக் கூப்பிட்டார். "தம்பி டினேஸ், உங்கடை மணியை உடனை நிப்பாட்டு. ஏனெண்டு கேளாதை. நாங்கள் மூண்டு அடிச்ச பிறகு நீங்கள் மூண்டு. ஆறுதலா. ஓம், அந்த மணிதான். ஓமடா, தெரியும். அடி எண்டால் அடி." பிறகு கரைப்பக்கம் திரும்பிக் கத்தினார்: "ஹோர்னை நிப்பாட்டுங்கோ! ஒருத்தரும் மூச்சுக் காட்டக் கூடாது!"

மணி நின்றது.

அந்த அமைதியை றெஜினா சாகுமட்டும் மறக்கமாட்டாள். முதலில் மாதாவின் மணி நின்றது; பிறகு ஹோர்ன்கள்; கடைசியாகக் கிழக்கே அந்த மெல்லிசு மணியும் கிர்ரென்று இழுத்து ஓய்ந்தது. பனிக்குள்ளே கரை முழுவதும் செத்துப்போனது போல இருந்தது. தூரத்து வீடு ஒன்றில் காரியம் அறியாத யாரோ ஒரு பெண், மணி நின்றதைக் கேட்டு "ஐயோ!" என்று ஓலமிட்டாள்.

"றெஜினா," என்றது போன். "மணி நிண்டிட்டுது. என்னை விட்டிட்டியளோ?"

"இல்லையப்பா, இல்லை. இப்ப ஒவ்வொண்டா அடிக்கும். பயப்பிடாதேங்கோ. இறைக்கிறதைக் கொஞ்சம் நிப்பாட்டிப்போட்டுப் போனைத் தலைக்கு மேலை தூக்கிப் பிடியுங்கோ. கதைக்காதேங்கோ."

மாதாவின் மணி ஒரு அடி அடித்தது. சின்னத்தங்கம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

றெஜினா விரலை மடித்து எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. போனுக்குள் ஒன்றுமில்லை. நாலு, ஐந்து. ஆறு. ஏழு. எண்ணி முடிகிற நேரத்தில், எங்கேயோ கிணற்றுக்குள் ஒரு சோகிச் சிப்பி விழுந்தது போல, மிக மிகத் தூரத்தில் அந்தத் தடித்த சத்தம் வந்தது. இரண்டாம் அடியும் அப்படித்தான். மூன்றாம் அடியும்.

அவன் தூரத்தில் நின்றான். நினைத்ததைவிடத் தூரத்தில்.

பிறகு செபஸ்தியார் கோயில் அடிக்க வேண்டும். அவள் ஒரு காதில் போனும் மற்றக் காதில் பனிக்காற்றுமாக நின்றாள்.

போனுக்குள் 'டிங்' என்று கணீரென விழுந்தது. கடைசி வண்டுச் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. அதற்குப் பிறகு, ஐந்து எண்ணும் நேரம் கழித்துத்தான், அதே அடி காற்றோடு வந்து அவளுடைய மற்றக் காதில் பட்டது.

அவளுக்கு முன்னால் அவனுக்குக் கேட்டுவிட்டது!

"கிழக்கை!" என்று கத்தினாள். "செபநாயகம் அண்ணை, அவர் கிழக்கை நிக்கிறார்! செபஸ்தியார் கோயிலுக்குக் கிட்ட. எங்கடை வள்ளங்கள் மேற்கை போனது பிழை. டினேஸைப் போகச் சொல்லுங்கோ!"

"பனிக்குள்ளை எங்கடை கரையைத் தாண்டிப் போயிட்டான். பேந்து அவங்கடை மணியை எங்கடையெண்டு நினைச்சு வலிச்சிருக்கிறான்," என்றார் செபநாயகம். மறுபடி போனைக் காதில் வைத்தார். "டினேஸ், உங்கடை கோயிலுக்கு நேரை வெளியாலை போங்கோ. மெசின் போடாதை, துடுப்பு வலிச்சுக்கொண்டு போ. காதைக் குடுத்துக்கொண்டு போ."

"இஞ்சேரப்பா," என்றாள் றெஜினா தன் போனில். "வாளியாலை வள்ளத்திலை தட்டுங்கோ. நாலு தட்டு, பிறகு நிப்பாட்டி நாலு எண்ணுங்கோ. திரும்ப நாலு. அதை மட்டும் விடாதேங்கோ. தண்ணி எங்கை வந்தாலும் தட்டை விடாதேங்கோ."

"தொடையளவு வந்திட்டுது றெஜினா."

"தட்டுங்கோ."

டக். டக். டக். டக். அவள் தன் தொடையில் கைவைத்து அவனோடு சேர்ந்து தாளம் போட்டாள். நாலு தட்டு, நாலு அமைதி. நாலு தட்டு, நாலு அமைதி. எட்டாவது தரமோ ஒன்பதாவது தரமோ, மூன்றாம் தட்டோடு களக்கென்று ஒரு சத்தம் கேட்டது. போன் ஊமையாகிவிட்டது.

*

பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை.

அவள் மறுபடி மறுபடி நம்பரை அமத்தினாள். 'நீங்கள் அழைத்த இலக்கம்' என்று ஒரு பெண் குரல் இரக்கமில்லாமல் சொன்னது. மரியரட்ணம் கயிற்றைப் பிடித்தபடியே சிலை போல நின்றார். மணியை அடிக்கவும் பயம், அடிக்காமல் விடவும் பயம். சின்னத்தங்கம் செபமாலையில்லாமல் விரல் மூட்டுகளில் எண்ணிச் செபித்தாள். யாரோ ஒரு பெண் மெதுவாக, ஆனால் கேட்கும்படியாகச் சொன்னாள்: "துக்கமணியைத் தானே கேட்டு வாங்கினவள்."

றெஜினா அதைக் கேட்டாள். காதைத் திறந்து வைத்தால் நல்லது மட்டும்தான் வரும் என்றில்லை. எல்லாம் வரும். அவள் அதையும் வரவிட்டாள். கிழக்கைப் பார்த்துக்கொண்டு நின்று கேட்டாள். கொக்கு ஒன்று செட்டை அடித்தது. தண்ணீர் சளக்கிட்டது. தொடையிலே அவள் கை இன்னும் நாலு தட்டி நாலு விட்டுக்கொண்டிருந்தது. நிறுத்தினால் அங்கே அவனும் நிறுத்திவிடுவான் என்று ஒரு பயம். 'மாதாவே, நான் கேட்டது பிழையாயிருந்தால் என்னைத் தண்டி. அந்தாளை விடு' என்று மனசுக்குள் ஓடிக்கொண்டேயிருந்தது.

கால் மணித்தியாலம் போனது. இருபது நிமிசம் போனது. பனிக்குப் பின்னால் வெயில் இருந்த இடம் மஞ்சளாகக் கலங்கத் தொடங்கியது.

திடீரென்று கிழக்கே மணி அடித்தது.

எல்லோரும் உறைந்துபோனார்கள். ஒரு அடி. அடுத்த அடி எப்போது விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருந்தது. விட்டு விழுந்தால் ஒன்று. தொடர்ந்து விழுந்தால் மற்றது. றெஜினா தன் உயிரையெல்லாம் காதுக்குக் கொண்டுவந்தாள்.

அடுத்த அடி உடனே விழுந்தது. அதற்கடுத்தது அதைவிட உடனே. பிறகு தகரப்பேணியை ஒழுங்கைத் தெருவில் உருட்டிவிட்டது போலக் கடகடவென்று மூச்சு விடாமல் அடித்தது.

"இருக்கிறார்!" என்றாள் றெஜினா. அவ்வளவுதான் வந்தது. அப்படியே மணலில் குந்திவிட்டாள்.

செபநாயகத்தின் போன் அதற்குப் பிறகுதான் அடித்தது. டினேஸ் அழுதுகொண்டே சிரித்தான். துடுப்பு வலித்துக்கொண்டு போன இடத்தில், பனிக்குள் டக் டக்கென்று யாரோ கதவு தட்டுவது போலக் கேட்டதாம். போய்ப் பார்த்தால் வள்ளத்தின் விளிம்பு மட்டும் தண்ணீருக்கு மேலே; அதைக் கட்டிப்பிடித்தபடி எமில்ராஜ், கழுத்தளவு தண்ணீரில், வாளியால் தட்டிக்கொண்டு. ஆளைத் தூக்கி வள்ளத்தில் போட்ட பிறகும் தட்டை நிறுத்தவில்லையாம். வாளியைப் பறிக்க இரண்டு பேர் வேண்டியிருந்ததாம்.

மரியரட்ணம் முகத்தைத் துடைத்தார். கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, அறுபத்தெட்டு வயசை மறந்து, ஈஸ்டர் விடியல் போல அடிக்கத் தொடங்கினார்.

*

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் எமில்ராஜும் றெஜினாவும் ஓட்டோவில் இணுவிலுக்குப் போனார்கள்.

"நண்டு ஒரு கிலோ கொண்டுபோவமே?" என்றான் எமில்ராஜ்.

"சைவ வீட்டுக்கோ? வாசல் படலையிலேயே திருப்பி அனுப்புவா. சும்மா இருங்கோ." அவள் மடியில் ஒரு பிஸ்கற் பெட்டியும் ஒரு சீப்புக் கதலி வாழைப்பழமும் இருந்தன.

கந்தசாமி கோயிலடியில் வழி கேட்டு வந்து படலைக்கு முன்னால் இறங்கியதும் அவள் பிஸ்கற் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். இருபத்துநாலு வருசம் ஒரு முறையாவது வந்து எட்டிப் பார்க்காதவளை யார் என்று கேட்டால் என்ன சொல்வது?

பத்மாசினி ரீச்சர் தலை முழுவதும் நரைத்து, ஆனால் அதே நேர் முதுகோடு வந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஆர் பிள்ளை?"

"ரீச்சர், நான் றெஜினா. கொழும்புத்துறை. பாட்டு வராது..."

"கடைசி மூலை," என்றார் ரீச்சர். "உள்ளை வா. ரெண்டு பேரும் வாங்கோ."

தேத்தண்ணி வந்தது. றெஜினா எல்லாவற்றையும் சொன்னாள். பனி, ஒட்டு, இரண்டு மணி, நாலு தட்டு எல்லாம். எமில்ராஜ் கேட்கும் காதை ரீச்சர் பக்கம் திருப்பிக்கொண்டு, விட்டுப்போன இடங்களை நிரப்பினான். "இப்ப எங்கடை ரெண்டு பங்கிலையும் பனிக்காலத்துக்கு அப்பிடித்தான் அடிக்கிறதெண்டு முடிவு, ரீச்சர். ஒருத்தர் மாறி ஒருத்தர். மரியரட்ணம் அண்ணை கொப்பியிலையும் எழுதிப்போட்டார்."

"உங்களுக்கு நன்றி சொல்லத்தான் வந்தனாங்கள்," என்றாள் றெஜினா. "அந்தக் கண் மூடிக் கேக்கிறதை நீங்கள் பழக்கியிராட்டி இவர் இல்லை."

ரீச்சர் வெட்கப்பட்டது போலச் சிரித்தார்.

"உண்மையைச் சொல்லட்டோ? எனக்கு அப்ப பொல்லாத தலையிடி. சைக்கிள் உழக்கி வந்த உடனை நாப்பது பிள்ளையளின்ரை சத்தம் தாங்கேலாது. ஒரு நிமிசம் அமைதி கிடைக்கட்டுமெண்டுதான் கண்ணை மூடச் சொன்னனான். பேந்து உன்னைக் கண்ட பிறகுதான் அதை ஒழுங்காச் செய்யத் தொடங்கினன்." புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தார். "கடவுள் ஆற்றை தலையிடியை எதுக்குப் பாவிக்கிறாரெண்டு ஆருக்குத் தெரியும்."

றெஜினா கோப்பையைக் கீழே வைத்தாள். சொல்லாமல் போனால் வந்த காரியத்தில் பாதி மிஞ்சிவிடும்.

"ரீச்சர், நீங்கள் எங்கடை வீட்டுக்கு வந்த அண்டைக்கு நான் வீட்டிலைதான் இருந்தனான். வலைக்குப் பின்னாலை ஒளிச்சு நிண்டனான்."

"தெரியும்."

"தெரியுமோ?"

"வலைக்குக் கீழை உன்ரை கால் தெரிஞ்சது. ஒரு காலிலை மண், மற்றக் காலிலை மீன் செதிள். ஓடி வந்து நிண்டிருக்கிறாய் எண்டு விளங்கிச்சுது. கூப்பிட்டிருக்கலாம். பயந்து நிக்கிற பிள்ளையைப் பிடிச்சு வெளியிலை இழுக்க எனக்கு மனம் வரேல்லை. அதுதான் இருந்து கதைச்சனான், சத்தமா. நீ கேக்கட்டுமெண்டு."

றெஜினாவுக்கு அந்த மத்தியானம் முழுவதும் திரும்பி வந்தது. ரீச்சர் அன்றைக்கு ஏன் அத்தனை உரத்துக் கதைத்தார் என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. 'கெட்டிக்காரப் பிள்ளை, எங்கை இருந்தாலும் கெட்டிக்காரிதான்' என்று அவர் தாயிடம் சொன்னது சொல்லுக்குச் சொல் காதுக்குள் இருந்தது. வலைக்குப் பின்னால் நின்று அவள் அதைக் கேட்டுக்கொண்டுதானே அழுதாள்.

"மணி நிண்டவுடனை பயமாயிருக்கேல்லையோ?" என்று கேட்டார் ரீச்சர்.

"இப்பவும் பயம்தான் ரீச்சர். இப்பவும் எங்கையாவது மணி நிண்டால் கை நடுங்குது. விடிய இவர் வள்ளத்தை இறக்க நான் கரையிலை நிண்டு நடுங்கிறன்."

"நடுங்கட்டும். காது?"

"காது திறந்துதான் கிடக்கு, ரீச்சர்."

ரீச்சர் தலையாட்டினார். முன்பு மண்டபத்தின் கடைசி மூலையில் நின்று றெஜினா ஆட்டுவாளே, பாட்டுச் சரி என்று, அப்படி.

பிறகு வெறும் கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழும்பினார். "இருங்கோ, இன்னொரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம். உன்ரை அம்மா அண்டைக்கு எனக்கு ரெண்டு தரம் ஊத்தினவ."